களிம்பின் பதம்

கல்முனைக் கரையில் கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக வாழ்க்கை அமைந்திருக்கிறது. கரைவலை இழுப்பவரின் உள்ளங்கை கயிற்றினாலும் உப்புநீரினாலும் வெடிக்கிறது. வயற்சேற்றில் நின்றவரின் குதிகாலில் பித்தவெடிப்பு விழுகிறது. மருதமுனைத் தறியில் இருப்பவருக்கோ, விரல்நுனி சிறிது சொரசொரத்தாலும் நூலிழை அதிலே சிக்கிக்கொள்ளும். இவர்கள் அனைவருக்கும் உதவக்கூடிய எளிய பூச்சு ஒன்று உண்டு. தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் கூட்டிக் காய்ச்சிய களிம்பே அது.

பொருள் இரண்டே, ஆயினும் பதம் ஒன்றாய் வருவது அரிது. சென்ற மாதம் வெண்ணெய்போல் வந்த களிம்பு, இம்மாதம் கல்லாய் இறுகிவிடுகிறது. அல்லது வெயில் ஏறியதும் சிமிழுக்குள்ளே இளகி ஓடுகிறது. இறுகிய களிம்பு வெடிப்பின்மேல் இழுபட்டு நோவைக் கூட்டும். இளகியதோ தோலில் நில்லாது வழிந்துபோகும். இதனைக் கைராசி என்று சொல்லி ஆறுதல் கொள்வோர் பலர். உண்மையில் இது அளவு, சூடு, ஆறுதல் என்னும் மூன்றினாலும் விளைவது.

தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகும். கிழக்குக் கரையின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் அதற்கு மேலேயே நிற்பதால், அங்கே அது பெரும்பாலும் நீர்மமாகவே காணப்படுகிறது. தேன்மெழுகு உருகுவதற்கோ 62 முதல் 64 பாகை வேண்டும். இரண்டையும் சேர்த்து உருக்கி ஆறவிடும்போது, மெழுகு நுண்ணிய படிகங்களாகத் திரண்டு வலைபோற் பின்னுகிறது. அவ்வலையின் கண்களில் எண்ணெய் தங்கிவிடுகிறது. வலை நெருங்கினால் களிம்பு கடினமாகும்; தளர்ந்தால் இளகும்.

ஆகவே முதலாவது வேண்டுவது அளவு. இங்கேதான் கரண்டி ஏமாற்றுகிறது. சீவிய மெழுகின் இடையிடையே காற்று நிற்பதால், ஒரு கரண்டிச் சீவலில் உள்ள மெழுகு, ஒரு கரண்டி உருகிய மெழுகைவிட மிகக் குறைவு. சீவல் பொடியா பருமனா என்பதைப் பொறுத்தும் அது மாறும். தராசு இத்தகைய மயக்கத்துக்கு இடந்தராது. வெப்பமான கரையோரத்துக்கு, நிறையில் ஒரு பங்கு மெழுகும் நான்கு பங்கு எண்ணெயும் நல்ல தொடக்கம்: 20 கிராம் மெழுகுக்கு 80 கிராம் எண்ணெய். இதே களிம்பை 1800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் உள்ள உறவினருக்கு அனுப்பினால், அங்குள்ள குளிரில் எண்ணெயும் உறைந்து, களிம்பு மிக இறுகும். அத்தகைய இடத்துக்கு மெழுகைக் குறைத்து, தேங்காயெண்ணெயில் ஒரு பகுதிக்கு நல்லெண்ணெயைச் சேர்ப்பது தகும்.

மெழுகும் தூயதாக இருத்தல் வேண்டும். காட்டுத் தேனடையிலிருந்து வந்த மெழுகில் தேனும் மகரந்தமும் தூசும் கலந்திருக்கும். அதனை நீரிலிட்டு உருக்கி, துணியில் வடித்து, அசையாது ஆறவிட்டால் மெழுகு மேலே வட்டாக உறையும். அடியிலே படிந்த அழுக்கைச் சுரண்டிவிட்டு, வட்டை நன்றாக உலர்த்த வேண்டும். தேன்மெழுகுக்குப் பதிலாக மெழுகுதிரியைப் போடலாகாது. அதிலுள்ள பரபின் மெழுகு எண்ணெயைத் தேன்மெழுகைப்போற் பிடித்துவைப்பதில்லை. நாளடைவில் களிம்பின்மேல் எண்ணெய் வியர்த்து நிற்கும்.

இரண்டாவது சூடு. உருகிய மெழுகிலே குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால், மெழுகு அக்கணமே திரிந்து கட்டியாகும். அதுவே விரலில் மணல்போல் நெருடுவது. இரண்டையும் ஒரே கிண்ணத்திலிட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் அக்கிண்ணத்தை வைத்து, துகள் எதுவுமின்றிக் கண்ணாடிபோல் தெளியும்வரை உருக்குவதே முறை. நேரடி நெருப்பில் வைத்தால் எண்ணெய் புகைந்து கெடும், தீப்பற்றவும் கூடும்.

தொதல் கிண்டும் கைகளுக்குப் பதம் பார்ப்பது புதிதன்று. பாணியைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டிப் பார்ப்பதுபோல, உருகிய களிம்பில் ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு, உறைந்தபின் விரலால் தேய்த்துப் பார்க்கலாம். இறுகியிருந்தால் எண்ணெயும், இளகியிருந்தால் மெழுகும் சில கிராம் சேர்த்து மீண்டும் உருக்கினால் போதும். பிழையைத் திருத்த இடந்தருவது இக்களிம்பின் பெருங்குணம்.

மூன்றாவது ஆறவிடுதல். கலக்காது உறையவிட்டால் களிம்பு சற்றே கடினமாயும், உறையும்வரை மெல்லக் கலக்கினால் மென்மையாயும் வரும். இவ்விரண்டில் எதனையும் கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதையே செய்தல் வேண்டும். சிமிழ் குளிர்ந்திருந்தால் ஓரத்திலே மெழுகு முந்தி உறைந்துவிடும். ஆதலால் அதனைச் சிறிது சூடேற்றிக்கொள்வது நன்று. நீர்த்துளி எதுவும் அதில் இருத்தலாகாது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பதத்தை மறுநாட் காலையிலேயே முடிவு செய்ய வேண்டும். கற்பூரம் சேர்ப்போர், அது களிம்பை இளக்கும் என்பதையும், குழந்தைகளுக்கு ஆகாது என்பதையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மெழுகையும் எண்ணெயையும் கூட்டும் இக்கலை மிகப் பழையது. யூனானி வைத்தியம் இதனைக் 'கைரூத்தி' என்கிறது. மெழுகைச் சுட்டும் கிரேக்கச் சொல்வழி வந்த பெயர் இது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவரும், யூனானி மரபில் ஜாலீனூஸ் எனப் போற்றப்படுபவருமான கேலனின் பெயரோடும் இவ்வகைப் பூச்சு இணைந்திருக்கிறது. சித்த வைத்தியமோ தைலம் காய்ச்சுகையில் மெழுகுப்பதம், மணற்பதம் என்று நிலைகளை வகுத்து வைத்தது. பதத்தைக் கணத்தின் அதிர்ஷ்டத்துக்கு விடாது, பெயரிட்டு அடையாளம் கண்டவர்கள் அம்முன்னோர்.

களிம்பு தோலைக் காக்கும், நோயைத் தீர்க்காது. இரத்தமோ சீழோ கசியும் வெடிப்பையும், நீரிழிவு உள்ளவரின் காலில் தோன்றும் சிறு பிளவையும் வைத்தியரிடம் காட்டுவதே கடமை. மற்றப்படி, ஒரு சிறு தராசும், நிறையையும் நாளையும் குறித்துவைக்க ஒரு பழைய கொப்பியும் இருந்தால் போதும். நன்றாய் வந்த களிம்பின் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்குமானால், தாயின் கைராசி மகளின் கைக்கும் தவறாது வந்து சேரும்.