திரை இல்லாமல் ஒரு கணினி

கணினி என்றதும் திரையும் மவுஸும்தான் நம் கண்முன் வருகின்றன. இந்த இரண்டும் இல்லாமலே கணினியில் கடிதம் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், ரயிலுக்கு முன்பதிவு செய்யலாம். வங்கிகளிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரியும் பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர் அன்றாடம் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களுக்குக் கணினியின் உள்ளீடு விசைப்பலகை, வெளியீடு குரல்.

மவுஸ் ஏன் உதவாது? அதை நகர்த்தும்போது அம்புக்குறி எங்கே போகிறது என்று கண் தொடர்ந்து கவனிக்க வேண்டும். விசைப்பலகைக்கு அந்தத் தேவை இல்லை; ஒவ்வொரு விசைக்கும் மாறாத ஓர் இடம் உண்டு. உங்கள் விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளைத் தடவிப் பாருங்கள். சிறு மேடு ஒன்று விரலில் தட்டுப்படும். வலப்பக்க எண் விசைகளில் 5-லும் அதே மேடு இருக்கும். சுட்டுவிரல்கள் எஃப், ஜே மீது அமர்ந்துவிட்டால் மற்ற விசைகளுக்கு விரல் தானாகவே வழி கண்டுபிடிக்கும்.

குரலைத் தருவது ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான் மென்பொருள். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் என்விடிஏ, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-இல் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர். அப்போது இருந்த இத்தகைய மென்பொருள்களின் விலை சாதாரண மாணவர் வாங்கக்கூடியதாக இல்லை. அதனால் யாரும் காசு கொடுக்காமல் பெறும்படி அதை உருவாக்கினார். தமிழ்நாட்டுச் சிற்றூரில் படிக்கும் மாணவியும் இன்று அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு முடிவு திறந்துவிட்ட வேலைவாய்ப்புகளை நினைக்கும்போது அவர்மீது பெரும் மரியாதை வருகிறது.

திரைவாசிப்பான் திரையில் தெரியும் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். “இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம், அதன் பெயர் என்ன, அது பொத்தானா, இணைப்பா, எழுதும் கட்டமா?” என்று அது இயங்குதளத்தைக் கேட்கிறது. கிடைக்கும் விடையைப் பேச்சாக மாற்றுகிறது. டேப் விசையை அழுத்த அழுத்த “பெயர், எழுதும் கட்டம்”, “சமர்ப்பி, பொத்தான்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் வெறும் படத்தை மட்டும் ஒட்டியிருந்தால், “பொத்தான்” என்பதோடு நின்றுவிடும். பணம் அனுப்பும் பொத்தானா, ரத்து செய்யும் பொத்தானா என்று தெரியாமல் ஒருவர் தவிக்க நேர்வது இப்படித்தான்.

செய்தித்தாளை நாம் மேலோட்டமாகப் புரட்டித் தலைப்புகளை மட்டும் மேய்வதுபோல, காதாலும் மேய முடியும். இணையப் பக்கத்தில் எச் விசையை அழுத்தினால் என்விடிஏ அடுத்த தலைப்புக்குத் தாவும். கே அடுத்த இணைப்புக்கு, டி (T) அடுத்த அட்டவணைக்கு. கன்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சு நிற்கும். பழகியவர்கள் வைத்திருக்கும் பேச்சு வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. என்விடிஏவுடன் வரும் இயந்திரக் குரலில் தமிழும் உண்டு. கேட்க இனிமையாக இருக்காதுதான். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் எழுத்துகள் குழையாமல் தெளிவாக ஒலிக்கும். அதனால்தான் அதையே விரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

தமிழைப் பொறுத்தவரை பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும்போது, கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண் பார்ப்பது வடிவத்தை. திரைவாசிப்பான் படிப்பது கோப்பில் உள்ளதை. ஆகவே ஒரு பக்கச் சுற்றறிக்கை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காதில் விழும். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தட்டச்சு செய்தால் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே ‘ம’ என்றால் உள்ளேயும் ‘ம’தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் தயாரான கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இருக்கும்போது இது தேவையில்லாத தடை.

ஒருங்குறியிலும் கவனம் வேண்டும். ‘ஔவை’ என்பதை ஒ, ள, வை என்று தனித்தனியாக அடித்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். குரலோ ஒள-வை என்று பிரித்துப் படிக்கும். ‘எ’ என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழின் குறியான ‘௭’ வந்துவிடுவதும் உண்டு. தேடும்போதும் இந்தச் சொற்கள் அகப்படாது என்பதால், இழப்பு எல்லோருக்கும்தான்.

அடுத்தது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது ஒரு புகைப்படம். அதில் எழுத்து என்று எதுவும் இல்லாததால் திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன என்றாலும், மங்கலான நகலில் அவை தடுமாறுகின்றன. மின்னணு வடிவில் வெளியிடுபவை மாற்றுத்திறனாளிகளும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. தட்டச்சு செய்த அறிவிப்பை அச்சடித்து, கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பும் வழக்கம் அந்த உரிமையைப் பறிக்கிறது. மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

குரலுக்கு ஒரு குறை உண்டு: ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் இயந்திரப் பேச்சில் எளிதில் நழுவிவிடும். எழுத்துப் பிழையின்றி எழுதக் கற்கும் பிள்ளைக்கு இது பெரிய இடர். அங்கேதான் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்தைக் காட்டும் கருவி உதவுகிறது. விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் இந்தக் கருவியில், ஓர் எழுத்துக்கு எட்டு ஊசிமுனைகள் வீதம், மின்விசையால் எழுந்து தாழும். 40 எழுத்துக் கருவி என்றால் 320 முனைகள். ஒவ்வொன்றும் தனியாக இயங்க வேண்டும். விலை ஏறிப்போவதற்கு அதுவே முதன்மைக் காரணம். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறையில் தமிழ் ‘க’வுக்கும் இந்தி ‘க’வுக்கும் ஒரே புள்ளிகள் என்பதால் ஒரே கருவி பல மொழிகளுக்குப் பயன்படும்.

உங்கள் கோப்பு எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொள்ள, என்விடிஏவை நிறுவிக் குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். நீங்கள் கடைசியாக அனுப்பிய சுற்றறிக்கையையோ அழைப்பிதழையோ திறந்து, இன்சர்ட் விசையுடன் கீழ் அம்புக்குறியை அழுத்துங்கள். திரையைப் பார்க்காமல், முதல் பத்தி புரிகிறதா என்று கேளுங்கள். புரியாவிட்டால் ஒருங்குறிக்கு மாற்றி மறுபடி அனுப்புங்கள்.