நாத்தனார் கேட்கும் கேள்வி

பாடுகிறவர் குரல், தபேலா, ஆர்மோனியம் என்று தனித்தனியாகப் பதிவு செய்ததை, எது எவ்வளவு கேட்கணும் என்று கம்ப்யூட்டரில் அளவு பார்த்துச் சேர்ப்பதற்கு ‘மிக்ஸிங்’ என்று பெயர். என் மகள் இரண்டு வருஷமாக இதைத்தான் பழகுகிறாள். “பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? பி.எட். சேர்த்து விட வேண்டியதுதானே?” என்று நாத்தனார் கேட்காத நாளில்லை.

போன பங்குனியில் கொன்னையூர் மாரியம்மன் திருவிழாவுக்காக எங்கள் தெருப் பெண்கள் பாடிய பாட்டை இவள்தான் சேர்த்துக் கொடுத்தாள். ஹெட்போனில் கேட்டால் தேன். மைக்செட்காரர் குழாய் ஸ்பீக்கரில் போட்டதும் ஆர்மோனியம்தான் கத்தியது, குரல் எங்கேயோ அமுங்கிப் போச்சு. நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிள்ளை அன்று அழுதாள். மறுநாளிலிருந்து தினம் ஒரு மணி நேரம் அதே பாட்டுதான். முதலில் எக்கோ, ஜிகினா எதுவும் சேர்க்காமல் வெறும் அளவை மட்டும் சரி செய்வாளாம். குரல் கேட்கவில்லையென்றால் குரலைக் கூட்டுவதில்லை. அதோடு மோதுகிற இடத்தில் ஆர்மோனியத்தைக் கொஞ்சம் குறைக்கிறாள். குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி எடுபடாது, நடு ஒலிதான் பாயும், அதனால்தான் அன்று அப்படி ஆனது என்றாள். இப்போது செல்போன், சித்தப்பா கார், மைக்செட் மூன்றிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள்.

சத்தத்தைக் குறைத்து வைத்தே பழகுகிறாள். ஒலி பெரிசானால் எல்லாமே நன்றாயிருப்பது போல் தோன்றுமாம். சத்தத்துக்குத் தக்கபடி காது ஒலிகளை வேறு வேறு விதமாகக் கேட்கும் என்பதை 1933-லேயே அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியிருக்கிறார்கள். பத்துத் தடவை ருசி பார்த்தால் நமக்கே உப்பு தெரியாமல் போகிறதில்லையா? காதும் அப்படித்தான். அதனால் ராத்திரி முடித்ததைக் காலையில் ஒரு தரம் கேட்பாள். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காதுக்கே கேடு. இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

‘மகாநதி’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களுக்கு தேசிய விருது வாங்கிய ஹெச். ஸ்ரீதர் (2008-ல் காலமானார்) மிக்ஸ் செய்த பாட்டுகளைத் தன் பாட்டோடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாள். ஹைதராபாத்தில் சாஜிதா கான் என்ற பெண் இதே வேலையில் பெயரெடுத்திருப்பதையும் நாத்தனாரிடம் சொன்னேன். “அது ஹைதராபாத்” என்றார்!

இந்தப் பங்குனிக்குக் குரல் தெளிவாகக் கேட்டது. மைக்செட்காரரே வந்து, “யார் பண்ணினது?” என்று விசாரித்தார்.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள். இவள் அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் பாதுகாப்பான லேடீஸ் ஹாஸ்டல் தெரிந்த தோழிகள் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, பொன்னமராவதி.