குரல் எங்கே அறுந்தது?

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், மோதரகம் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் உள்ளது மறிச்சுக்கட்டி. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் முத்துக்குளிப்புக் காலங்களில் இங்கே ஒரு பெரும் பாளையமே எழுந்தது. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கிய குளியாளுக்கும் தோணியில் நின்றவருக்கும் இடையே இருந்த தொடர்பு ஒரு கயிறுதான். கீழிருப்பவர் அதைச் சுண்டுவார், மேலிருப்பவர் இழுப்பார். அந்தச் சேதி தவறினால் உயிருக்கே ஆபத்து.

இன்று அதே கரையில் இன்னொரு கயிறு வேலை செய்கின்றது. கைத்தொலைபேசியையும் கையடக்க ஒலிபெருக்கியையும் இணைக்கும் மெல்லிய வயரே அது. வானொலியின் வானிலை அறிவித்தலை ஒருவர் கேட்டாற் போதாது. துறையில் நிற்போர் அனைவரும் கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்து மன்னார்க் கரையையும் தாக்கியதை அறிந்தவர்கள், உரிய வேளையில் வரும் ஒரு வாக்கியத்தின் பெறுமதியை உணர்வார்கள். அத்தகைய வேளையில் ஒலிபெருக்கி ஊமையானால் யாது செய்வது?

முதலில், குரல் செல்லும் வழியை அறிதல் வேண்டும். தொலைபேசி ஒலியை மின்னலையாக்கி அனுப்புகின்றது. வயர் அதனைச் சுமக்கின்றது. ஒலிபெருக்கி அதைப் பெருக்கி மீண்டும் ஒலியாக்குகின்றது. வயரின் நுனியிலுள்ள செருகி 3.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. 1878ஆம் ஆண்டளவில் தொலைபேசி இணைப்பகங்களில் வழக்கிற்கு வந்த பெரிய செருகியின் சிறிய வாரிசு இது. அதன் மேலுள்ள கறுப்பு வளையங்கள் வெறும் அலங்காரமல்ல. உலோகப் பகுதிகளைப் பிரித்து வைக்கும் காப்புகள் அவை. நுனி இடப்பக்க ஒலிக்கு. அடுத்த வளையம் வலப்பக்க ஒலிக்கு. அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவான திரும்பு வழி. மூன்று கறுப்பு வளையங்கள் இருப்பின், ஒலிவாங்கிக்கும் ஒரு வழி உண்டு என்பது பொருள்.

குறை தேடுவோர் மறக்கலாகாத விதி ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றிப் பூட்டினால், ஒலி திரும்பி வந்தாலும் குறை எங்கிருந்தது என்பது தெரியாது. நாளை அது மீண்டும் வரும்.

எளியவற்றிலிருந்து தொடங்குக. தொலைபேசியிலும் ஒலிபெருக்கியிலும் ஒலியளவு கூட்டப்பட்டுள்ளதா? ஒலிபெருக்கி வயர் வழி ஒலியை ஏற்கும் நிலையில் உள்ளதா? தொலைபேசி புளூடூத் வழியாக வேறொரு கருவிக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கின்றதா? செருகி இறுதிவரை நுழைந்துள்ளதா? தொலைபேசியின் தடித்த உறை ஒன்றே செருகியை அரைகுறையாக நிறுத்திவிடுவதுண்டு.

இவை சரியாயின், வழியைத் துண்டு துண்டாகச் சோதிக்க. தொலைபேசியில் ஒரு காதொலிப்பானைச் செருகுக. அதில் ஒலி வந்தால் தொலைபேசி குற்றமற்றது. பின்னர் நல்லதென்று தெரிந்த வேறொரு வயரை இடுக. ஒலி வந்தால் பழைய வயரே குற்றவாளி. வராவிடின் ஒலிபெருக்கியின் துளையையோ உட்பகுதியையோ ஐயுறலாம். மூன்று நிமிடத்திற்குள் குறை எப்பகுதியில் என்பது தெளிந்துவிடும்.

வயர் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. செருகியின் கழுத்தருகே, அடிக்கடி வளையும் இடத்திலேயே அறுகின்றது. அவ்விடத்தை மெல்ல அசைக்கையில் ஒலி வந்து வந்து மறைந்தால் ஐயமே இல்லை. ஒரு பக்க ஒலி மட்டும் வருவது, ஒரு வழி அறுந்ததன் அடையாளம். பொதுவழி அறுந்தாலோ விளைவு விந்தையானது. ஒலிபெருக்கி இரையக்கூடும், காதொலிப்பானிலோ பக்கவாத்தியம் கேட்கும், பாடகரின் குரல் மங்கிவிடும். இருபக்கத்திலும் ஒரேயளவாய் வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே இதற்குக் காரணம். அறிவிப்பாளரின் பேச்சும் இருபக்கத்திலும் ஒரேயளவாகவே வருவதாகலின், இசை கேட்கின்றதே என்று எவரும் ஏமாறலாகாது. மின்னேற்றும் வேளையில் மட்டும் இரைச்சல் எழுந்தால், மின்னேற்றியைக் கழற்றிப் பார்க்க.

கரையோர ஊர்களுக்கென்று தனிப்பட்ட பகை ஒன்றுண்டு, அது உப்புக்காற்று. ஈரமும் உப்பும் செம்பில் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. களிம்பு மின்னோட்டத்தைத் தடுக்கின்றது. கருவியை நிறுத்திவிட்டு, செருகியை மதுசாரம் தொட்ட துணியால் துடைத்து உலர விடுக. துளையினுள் மணலோ நூலோ சிக்கியிருந்தால் மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக எடுக்க. ஊசி வேண்டாம், உள்ளிருக்கும் தகட்டை அது வளைத்துவிடும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், அது மணலையும் தூசியையும் பிடித்து வைக்கும். வயரைக் கழற்றும்போது செருகியைப் பற்றி இழுக்க வேண்டும். வயரைப் பற்றி இழுத்தலாகாது. பெட்டியினுள்ளே குறையிருப்பின், மின்கலம் உள்ள கருவியாதலால் பழகிய கையிடமே ஒப்படைத்தல் நன்று.

முத்துக்குளிக்கச் சென்றோர், கயிற்றைக் கடலில் இறங்கிய பின்னர் சோதித்ததில்லை, இறங்குமுன்னரே சோதித்தனர். ஒலிபெருக்கிக்கும் அதுவே பொருந்தும். காற்று எழுந்தபின் வயரைத் தேடுவதினும், மாற்று வயர் ஒன்றை உலர்ந்த பெட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை ஒலியைச் சோதித்துக்கொள்வது மேல். கருவி பழுதாவது இயல்பு. வேண்டிய வேளையில் அது பழுதென்று அறிவதே துன்பம்.