உஷார்! மூட்டைப்பூச்சிக்கு வைத்த நஞ்சு பக்கத்து அறைக்கும் வரும்

பெரஹரா நெருங்கினால் கண்டியில் லொட்ஜ், போடிங் எல்லாம் நிரம்பிவிடும். ஒருவர் பெட்டியைத் தூக்கிய கையோடு அடுத்தவர் வந்து இறங்குவார். அந்த அவசரத்தில் மெத்தையில் மூட்டைப்பூச்சி தென்பட்டால், அந்த ஓர் அறையை மட்டும் பூட்டி நச்சுவாயு மருந்து வைத்துவிட்டு, மற்ற அறைகளை வாடகைக்கு விடத் தோன்றும். வேண்டவே வேண்டாம்!

2025 பெப்ரவரித் தொடக்கத்தில் கொழும்பு கொள்ளுப்பிட்டி விடுதியொன்றில் தங்கியிருந்த இரண்டு இளம் பெண்கள் இறந்தார்கள். ஒருவர் பிரித்தானியர், மற்றவர் ஜெர்மானியர். அங்கே மூட்டைப்பூச்சிக்கு நஞ்சு வைக்கப்பட்டிருந்ததால் பொலிஸ் விசாரணை அந்தப் பக்கமே திரும்பியது, விடுதியும் மூடப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் 6 வயதுச் சிறுமியும் 1 வயதுத் தம்பியும் பிழைக்கவில்லை.

இந்த நச்சுவாயு மருந்தும் மாநகர சபை டெங்குக்கு அடிக்கும் புகையைப் போன்றதுதானே என்று நினைக்காதீர்கள். நெல் களஞ்சியங்களில் வைக்கும் அலுமினியம் பொஸ்பைட் குளிசையை அறையில் வைத்தால், அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பொஸ்பீன் வாயுவாகக் கிளம்புகிறது. கண்டியின் ஈரக்காற்றுக்குச் சொல்லவா வேண்டும்! சுவர் வெடிப்பு, கதவிடுக்கு, கூரையிடைவெளி எல்லாம் இந்த வாயுவுக்கு வழிதான். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை சில வேளை வரும். வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று நம்பிவிட முடியாது. இதற்கு மாற்றுமருந்தும் கிடையாது.

பேராதனையில் பிள்ளைகளைப் போடிங்கில் விட்டிருக்கும் பெற்றோரே, வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன மருந்து, யார் வைத்தார், கட்டடம் முழுவதிலிருந்தும் ஆட்களை வெளியேற்றினார்களா? ஆட்கள் படுத்துறங்கும் கட்டடத்தில் பொஸ்பீன் வைப்பது கொலைக்குச் சமம் என்பேன். மூட்டைப்பூச்சிக்குக் கொதிநீராவியும் சுடுநீர்ச் சலவையும் போதும். ஒரே நாளில் தீராது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே இடத்தில் தங்கிய இருவருக்கு ஒன்றாக வாந்தி, தலைச்சுற்று, நெஞ்சடைப்பு வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்க வைக்காதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். அறையில் நச்சு மருந்து வைத்திருந்தார்கள் என்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.