குளிர் காலத்திற்கு ஒரு கூடு

மார்கழியும் தையும் சமவெளியில் இருப்பவர்களுக்குச் சுகமான மாதங்கள். கூட ஒரு போர்வை இருந்தால் போதும். நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கோ அது சோதனைக் காலம். 7,000 அடிக்கு மேல் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் முதலில் நீர்ப்பனி வரும்; பின்னாலேயே உறைபனி வந்துவிடும். தலைக்குந்தா போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். வீட்டிலுள்ள வயோதிகர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்த இரவுகள் மிக நீண்டவை.

குளிரைப் போக்க என்ன வழி? நெருப்பு மூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் மலையிலுள்ள மரமும் பறவையும் நெருப்பில்லாமலே குளிர்காலத்தைக் கடந்துவிடுகின்றன. புதிதாக உஷ்ணத்தைத் தேடுவதைவிட, இருக்கும் உஷ்ணத்தை நழுவவிடாமல் காப்பதே அவை அறிந்த ரகசியம்.

சோலை சொல்லும் பாடம்

மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் உறைபனி அதிகம். பகலில் நிலம் வாங்கிய உஷ்ணம் திறந்த வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்குகிறது. ஆனால் அடர்ந்த சோலைக்குள் தரையில் பனி உறைவது அரிது. நெருங்கிய இலைக்கூரை நிலத்தின் சூட்டைப் போகவிடாமல் தடுக்கிறது. உதகை அரசினர் தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் பூஞ்செடிகளை மிலாறுகளால் மூடி வைப்பதும் இதற்காகத்தான்.

சிட்டுக்குருவி குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறகுகளுக்கு நடுவே காற்றை அது அடக்கி வைக்கிறது. அசையாத காற்றுதான் அதற்குக் கம்பளி!

தோடர் குடிசை

இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றவர்கள் நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே ஓட்டு வீடுகளிலும் காரை வீடுகளிலும் வசிக்கிறார்கள். பழைய குடிசையோ பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல் இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே கனமாகப் புல் வேய்வார்கள். ஜன்னல் கிடையாது. வாசலின் உயரம் சுமார் 3 அடிதான். தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். உள்ளே ஒரு பக்கம் படுக்க உயர்ந்த திண்ணை, மறுபக்கம் அடுப்பு.

வளைந்த கூரைமேல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். சின்ன வாசல் வழியே உஷ்ணம் அதிகம் வெளியேறாது. குளிர் காற்று தரையில் தங்கினாலும் திண்ணையில் படுப்பவர்களுக்குத் தொல்லையில்லை. ஜன்னல் இல்லாவிட்டாலும் புகை புல்லின் இடுக்குகள் வழியே கசிந்து போகும்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறான். ஆகவே தெற்கு ஜன்னல்களைப் பகலில் திறந்து வெய்யிலை உள்ளே விடுங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே மூடிக் கனத்த திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். அதுவே உங்கள் வீட்டு இலைக்கூரை.

கதவின் அடியிலுள்ள சந்தில் பழந்துணியைச் சுருட்டி வையுங்கள். சிமெண்டுத் தரையில் பாயும் அதன்மேல் ஜமக்காளமும் விரியுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். வயதானவர்களுக்குச் சமையலறையை அடுத்த அறையே நல்லது. கனமான ஒரே உடுப்பைவிட மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்று மேல் என்பது குருவி சொன்ன யோசனை. ஈரத் துணிகளைப் படுக்கை அறையில் உலர்த்தாதீர்கள். ஈரம் குளிருக்குத் துணை.

ஓர் எச்சரிக்கை

கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலைக்கு உல்லாசமாக வந்த இடத்தில் இப்படி மாண்டவர்கள் உண்டு. புல் கூரை மூச்சு விடும். காரைக் கூரை விடாது. நெருப்பு மூட்டினால் புகைபோக்கி உள்ள அறையில் மூட்டுங்கள். படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். படுக்கையில் சூடு வேண்டுமானால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். எத்தனை குளிரானாலும் சுவரின் மேல்புறத்தில் உள்ள காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள்.

கூட்டைக் கட்டும் பறவை அதில் மூச்சுவிட வழி வைத்துத்தான் கட்டுகிறது. கதகதப்போடு காற்றும் உள்ள வீடே குளிர்காலத்தில் நல்ல வீடு.