சதுரங்கம் பயில எந்தப் புத்தகம்?

வீட்டில் தாத்தாவையும் மாமாவையும் சுலபமாகத் தோற்கடித்துவிட்ட பையன், ஒரு நாள் வெளியே போட்டிக்குப் போகிறான். பன்னிரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவைப் பறிகொடுத்துவிட்டு முகம் வாடித் திரும்புகிறான். "எதிராளி ஆரம்ப ஆட்டத்தைப் புத்தகத்தில் படித்திருக்கிறான், அப்பா!" என்கிறான். அப்பாவும் மறுநாளே கடைக்குப் போய், இருப்பதற்குள் மிகத் தடித்த புத்தகமாகப் பார்த்து வாங்கி வருகிறார். பிசகு அங்கேதான் ஆரம்பமாகிறது.

நேயர்களிடம் மறைப்பானேன்? நாமும் அந்தப் பிசகைச் செய்தவர்களே. தடித்த புத்தகம் ஒன்றிலிருந்து பத்து நகர்த்தல்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு ஆடச் சென்றோம். எதிராளியோ நான்காவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாத ஓர் ஓரச் சிப்பாயைத் தள்ளிவிட்டார். அதன் பிறகு நமக்குத் திக்குத் திசை தெரியவில்லை.

இத்தகைய பெரும் புத்தகங்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. கிரிஃபித், வைட் என்ற இருவர் 1911-ல் வெளியிட்ட 'மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்' பல முறை புதுக்கப்பட்டு, 2008-ல் பதினைந்தாம் பதிப்பைக் கண்டது. யுகோஸ்லாவியாவில் 1974 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியமோ ஆரம்ப ஆட்டங்களை 500 பிரிவுகளாக வகுத்து, எந்த நாட்டாரும் படிக்கும்படி, சொற்களுக்குப் பதிலாகக் குறியீடுகளாலேயே அமைந்தது. இவையெல்லாம் அகராதிகள். அகராதியை மனனம் செய்து ஒரு பாஷையைக் கற்றவர் உண்டோ?

அப்படியானால் முதலில் எதைப் படிப்பது? இர்விங் செர்னெவ் 1957-ல் எழுதிய 'லாஜிகல் செஸ்' என்போம். பெயரளவில் அது ஆரம்ப ஆட்ட நூல் அன்று. ஆனால் 33 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் கூறுகிறது. நடுக்கட்டங்களைப் பிடிப்பது ஏன், பயந்துபோய் ராஜாவின் பக்கத்து ஓரச் சிப்பாயைத் தள்ளுவதால் வரும் கேடு என்ன என்பவற்றைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறது. பயிலுவோருக்கு அது அவசியந்தான்.

இரண்டாவதாக, ரூபன் ஃபைன் 1943-ல் எழுதிய நூல். ஆரம்ப ஆட்டங்களுக்குப் பின்னாலுள்ள கருத்துக்களே அதன் பொருள். மேற்கூறிய அகராதியின் 1939-ஆம் வருஷப் பதிப்பைத் திருத்தி அமைத்தவரும் இவரே. அகராதி மட்டும் போதாது என்று கண்டு இலக்கணமும் எழுதினார் போலும்! அதிலுள்ள நகர்த்தல் வரிசைகள் பல இன்று பழசாகிவிட்டன. காரணங்கள் அவ்வளவாகப் பழசாகவில்லை.

புதியது வேண்டுமென்போருக்கு, டச்சு கிராண்ட்மாஸ்டர் பால் வான் டெர் ஸ்டெரன் 2009-ல் வெளியிட்ட 'ஃபண்டமென்டல் செஸ் ஓப்பனிங்ஸ்' தக்கது. எல்லா ஆரம்பங்களையும் ஒரே நூலில், வாக்கியங்களாலேயே விளக்குகிறார்.

படிக்கும் முறையும் முக்கியம். இத்தாலிய ஆரம்பத்தைப் பாருங்கள். ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறோம். எதிரியும் அவ்வாறே செய்கிறான். நமது குதிரை வெளிவந்து அந்தச் சிப்பாயை மிரட்டுகிறது. அவன் குதிரை அதற்குக் காவலாக வருகிறது. உடனே மூலைவாட்டாகச் செல்லும் நமது மந்திரி வெளிவந்து, எதிரி ராஜாவுக்கு அடுத்த மந்திரியின் முன் நிற்கும் சிப்பாயைக் குறிவைக்கிறது. அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு துணை கிடையாது. இவ்வளவும் விளங்கிவிட்டால் மூன்று நகர்த்தல்களையும் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வெள்ளைக் காய்க்கு ஓர் ஆரம்பம். கறுப்புக் காய்க்கு, ராஜாவின் சிப்பாய் வந்தால் ஒரு பதில், ராணியின் சிப்பாய் வந்தால் ஒரு பதில். ஒரு வருஷத்துக்கு இவை போதும். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த பின், புத்தகத்தை விட்டு எங்கே விலகினோம் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நலம்.

பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து சென்ற மீர் சுல்தான் கானை இங்கே நினைவுகூர வேண்டும். சிப்பாய் முதலிலும் ஒரே கட்டம் நகரும் நம் நாட்டு முறையில் பழகியவர் அவர். மேனாட்டு ஆரம்ப ஆட்ட நூல்களில் பயிற்சி குறைவு. ஆயினும் 1929, 1932, 1933-ஆம் வருஷங்களில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காப்பபிளாங்காவையே தோற்கடித்தார். எல்லோரும் சுல்தான் கான் ஆகிவிட முடியாது. ஆனால் புத்தகம் முடிந்த இடத்தில் சொந்த மூளை வேலை செய்தாக வேண்டும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா?

இன்று கணிப்பொறி நல்ல நகர்த்தலை நொடியில் காட்டிவிடுகிறது. காரணத்தைத் தானாகச் சொல்வதில்லை. ஆகவே, தோற்று வந்த பையனுக்குத் தடித்த புத்தகத்தை வாங்கிக் கொடுக்குமுன், பலகையை எடுத்து எதிரே உட்காருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் "ஏன் அப்பா இப்படி?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லத் திணறும் இடத்தில்தான் அவனுக்குப் புத்தகம் வேண்டியிருக்கிறது.