டாக்டருக்கு மின்னஞ்சல்

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்கள் ஊர் டாக்டருக்கு இ-மெயில் எழுதி வைத்தியம் கேட்பது இப்போது சகஜம். 2020 மார்ச் 25-இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும் இதை ஏற்கின்றன. நோயாளியே எழுதினால் அதுவே சம்மதம். நேரில் பார்த்த 6 மாதத்துக்குள் அதே நோய்க்கு எழுதினால் அது தொடர் சிகிச்சை.

சரக்குக் கடிதம்போல் தெளிவாக எழுதுங்கள்: வயது, தொந்தரவு, எத்தனை நாளாக, சாப்பிடும் மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

அவசரத்துக்கு மட்டும் மெயில் கூடாது. ஒரு ராத்திரி நெஞ்சுவலி வந்தபோது நானும் மெயில்தான் தட்டினேன். பதில் மறுநாள் காலையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தேன். கடிதம் காத்திருக்கும், நெஞ்சுவலி காத்திருக்காது.